ஏற்காட்டில் ஒரு வேகம், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வேகம்: கணினியின் திறனை அளப்பது எப்படி?

கடந்த டிசம்பரில் அக்காவின் போட்டோ ஸ்டூடியோவுக்காக ஒரு லேப்டாப் வாங்கினோம். அடுத்த நாளே ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அதையும் பையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். மாலை ஐந்து மணிக்கே ஸ்வெட்டரைத் தேட வைக்கும் குளிர். ஜன்னலோர மேசையில் லேப்டாப்பை வைத்து, சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டேன். வந்த மதிப்பெண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, லேப்டாப் வந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

ஏப்ரலில் அக்கா கூப்பிட்டார். ஸ்டூடியோ சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. மேலே மொட்டைமாடி, பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவு எட்டு மணிவரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். முகூர்த்த நாள்கள் அடுத்தடுத்து வந்திருந்ததால் ஆல்பம் வேலை குவிந்து கிடந்தது. "தம்பி, வாங்கும்போது இருந்த வேகம் இதில் இப்போது இல்லையே. கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டாரா?" என்று கேட்டார். பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதே சோதனையை மறுபடி ஓட்டினேன். மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. லேப்டாப்பும் பழுதாகவில்லை. ஏற்காட்டில் வந்த எண்ணும் சரி, சேலத்தில் வந்த எண்ணும் சரி. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு எண்கள் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று அக்காவுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். 'இதன் ஸ்கோர் இவ்வளவு' என்று கடையில் காட்டும் எண்ணைப் பார்த்துக் குழம்பி நிற்கிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

பெஞ்ச்மார்க் என்ற சொல் கணினிக்காரர்களுடையது அல்ல, நில அளவைக்காரர்களுடையது. உயரத்தை அளக்கும்போது, பாறையிலோ கட்டடத்தின் அடிக்கல்லிலோ ஒரு கிடைக்கோடு செதுக்குவார்கள். அந்தக் கோட்டில் ஓர் இரும்புத் துண்டைச் செருகினால், அளவுகோலை நிறுத்துவதற்கு ஒரு சிறு பெஞ்சு கிடைத்துவிடும். பிறகு வருகிற ஒவ்வோர் அளவும் அந்தக் கோட்டிலிருந்து கணக்கிடப்படும். சேலம் ஜங்ஷனில் இறங்கினால் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'கடல் மட்டத்திலிருந்து' என்ற சொற்களை அழித்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கணினியின் மதிப்பெண்ணும் அப்படித்தான். எதிலிருந்து அளந்தது என்பது கூடவே வர வேண்டும்.

கணினி உலகில் பெஞ்ச்மார்க் என்பது ஒரு குறிப்பிட்ட வேலை. அதே வேலையை, அதே நிலைமையில், வெவ்வேறு இயந்திரங்களிடம் கொடுத்து எவ்வளவு நேரத்தில் முடிக்கின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. மென்பொருள் கடைசியில் காட்டும் நாலைந்து இலக்க எண்ணுக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த நேரம்தான்.

கிகாஹெர்ட்ஸ் போதாதா?

கணினியின் மூளையான பிராசஸரின் பெட்டியிலேயே கிகாஹெர்ட்ஸ் அச்சிட்டிருக்கிறதே, அதை ஒப்பிட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நெசவில் தறி ஓடும் வேகத்தை மட்டும் சொல்லி, துணியின் அகலத்தைச் சொல்லாமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் எத்தனை சதுர மீட்டர் துணி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை இன்டெல் நிறுவனம் பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அதன் பென்டியம் 4 என்ற பிராசஸர் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் வந்தது. ஆனால் பல சோதனைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐக்கூட அதனால் தெளிவாக முந்த முடியவில்லை. துடிப்பை உயர்த்துவதற்காகவே வடிவமைக்கப்பட்டதால் ஒரு துடிப்புக்கான வேலை குறைந்துபோயிருந்தது. போட்டியாளரான ஏ.எம்.டி., 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் பிராசஸருக்கு 1800+ என்று பெயர் வைத்து விற்றது. துடிப்பைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள் என்பது அதன் வாதம். பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. 2006-இல் வந்த இன்டெலின் அடுத்த பிராசஸரான கோர் 2, அதைவிடக் குறைந்த துடிப்பில் ஓடி அதைவிட அதிக வேலை செய்தது.

ஆகவே வேலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். எந்த வேலையை என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

மலைச் சாலையில் ஒரு சோதனை

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையையே ஒரு பெஞ்ச்மார்க்காக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பைக்கையும் ஒரு பஸ்ஸையும் அடிவாரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடுகிறோம். பைக் முதலில் ஏரியைச் சென்றடையும். 'ஓர் ஆளை எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறது?' என்று கேட்டால் வெற்றி பைக்குக்கு. 'ஐம்பது பேரை எவ்வளவு நேரத்தில் சேர்க்க முடியும்?' என்று கேட்டால் பைக் இருபத்தைந்து நடைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். பஸ் ஒரே நடையில் முடித்துவிடும்.

கணினிச் சோதனைகளில் சிங்கிள் கோர், மல்ட்டி கோர் என்று இரண்டு மதிப்பெண்கள் தனித்தனியாக வருவது இதனால்தான். ஒரு பிராசஸருக்குள் நான்கு, எட்டு, பதினாறு என்று கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யக்கூடிய பகுதிகள், இருக்கின்றன. மெனுவைத் திறப்பது, கணக்கு மென்பொருளில் ஒரு பில் போடுவது, இணையப் பக்கம் விரிவது போன்றவை பெரும்பாலும் ஒரு கோரையே நம்பி நடக்கும் வேலைகள். அங்கே சிங்கிள் கோர் மதிப்பெண்தான் பேசும். முந்நூறு படங்களை ஒரே மூச்சில் ஜேபெக் ஆக மாற்றுவது, திருமண வீடியோவை ரெண்டர் செய்வது போன்றவற்றைப் பங்கு போட்டுச் செய்யலாம். அங்கே எல்லாக் கோர்களும் இறங்கும். பில் போடும் கடைக்கு மல்ட்டி கோர் எண்ணைக் காட்டி விலை உயர்ந்த கணினியை விற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் போக வேண்டிய இடத்துக்கு முழு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது போன்றது அது. வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று. மலைச் சாலையில் சிறந்த வண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையிலும் சிறந்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை. சேலம், ஆத்தூர் பக்கம் மரவள்ளி பயிரிடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆலைக்குப் போகும் கிழங்குக்கு மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து விலை வைப்பார்கள். லோடு முழுவதையும் அரைத்துப் பார்க்க முடியாது. மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த மாதிரியை லோடின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் விவசாயியின் கண் இருக்கும். பெஞ்ச்மார்க்கும் ஒரு மாதிரிதான். நீங்கள் ஆண்டு முழுவதும் கணினியில் செய்யப்போகும் வேலைகளிலிருந்து எடுத்த ஒரு பிடி. அந்தப் பிடி உங்கள் லோடிலிருந்து எடுத்ததா, வேறு யாருடைய லோடிலிருந்தோ எடுத்ததா என்று பார்ப்பது உங்கள் உரிமை.

சின்னச் சோதனையிலிருந்து உண்மை வேலைக்கு

இந்தத் துறையின் பழைய கதை சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வெட்ஸ்டோன் என்ற சோதனை உருவானது. தசம எண் கணக்குகளை எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்று பார்ப்பது அதன் நோக்கம். 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் முழு எண்களையும் எழுத்துகளையும் கையாளும் ஒரு சோதனையை எழுதினார். முந்தையதன் பெயர் ஆங்கிலக் காதுக்கு 'ஈரம்' என்று ஒலிப்பதால் இதற்கு 'உலர்ந்த' என்ற ஒலி வரும்படி டிரைஸ்டோன் என்று பெயரிட்டார். வாக்ஸ் 11/780 என்ற கணினி நொடிக்கு 1,757 டிரைஸ்டோன் செய்தது. அதையே ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்ற இயந்திரங்களை அதன் மடங்காகச் சொல்லும் பழக்கம் நெடுநாள் நீடித்தது.

இவை இரண்டும் செயற்கைச் சோதனைகள். யாருக்கும் தேவையான எந்த விடையையும் அவை கணக்கிடுவதில்லை; கணினியை வேலை வாங்குவதற்காகவே எழுதப்பட்டவை. அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. நிரல் மிகச் சிறியது என்பதால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தில் முழுவதும் அடங்கிவிடும். வெளியே இருக்கும் பெரிய நினைவகமான ரேம் எவ்வளவு மெதுவானது என்பது தெரியவே தெரியாது. அடுத்து, நாம் எழுதும் நிரலைப் பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் புத்திசாலியாக ஆக ஆக, 'இந்தக் கணக்கின் விடையை யாரும் பயன்படுத்தவில்லையே' என்று கண்டுபிடித்துச் சில பகுதிகளைச் செய்யாமலே விட்டுவிடும். வேலையைச் செய்யாமல் வேகம் காட்டினால் அதை எப்படி வேகம் என்பது?

எனவே 1988-இல் கணினி நிறுவனங்கள் சேர்ந்து ஸ்பெக் என்ற அமைப்பை உருவாக்கின. உண்மையான பயன்பாட்டில் இருக்கும் நிரல்களையே சோதனையாக வைப்பது அதன் கொள்கை. இப்போது பரவலாகப் பயன்படும் ஸ்பெக் சிபியு 2017-க்குள் கம்பைலர், வீடியோ சுருக்கம், சதுரங்கம், வானிலைக் கணிப்பு என்று பலவகை நிரல்கள் இருக்கின்றன. ஆனாலும் ஓட்டை அடைபட்டுவிடவில்லை. 1989-இல் வந்த முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று அணிப் பெருக்கல் செய்யும் ஒரு நிரல் இருந்தது. பெருக்கும் வரிசையை மாற்றி, கேஷுக்குள் அடங்கும் துண்டுகளாகச் செய்யும் உத்தியைக் கம்பைலர்கள் கற்றுக்கொண்டதும் அந்த ஒரு சோதனையின் மதிப்பெண் மட்டும் பல மடங்கு தாவியது. சராசரியையும் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

சராசரி என்ற கண்ணி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் போடலாம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய கணக்கு இல்லை.

அ, ஆ என்று இரண்டு கணினிகள். ஆல்பம் ஏற்றுமதி வேலையை அ 10 நிமிடத்திலும் ஆ 5 நிமிடத்திலும் முடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கு அறிக்கையை அ 1 நிமிடத்திலும் ஆ 2 நிமிடத்திலும் தயாரிக்கின்றன. எது வேகமானது?

அ-வை அடிப்படையாக வைத்தால், ஆல்பத்தில் ஆ-வின் வேகம் 2 மடங்கு, அறிக்கையில் அரை மடங்கு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25. ஆ 25 சதவீதம் வேகமானது என்று விளம்பரம் செய்யலாம். இப்போது ஆ-வை அடிப்படையாக வையுங்கள். ஆல்பத்தில் அ-வின் வேகம் அரை மடங்கு, அறிக்கையில் 2 மடங்கு. சராசரி மறுபடியும் 1.25. இப்போது அ 25 சதவீதம் வேகமானது! ஒரே அளவுகளிலிருந்து, கூட்டல் பிழை ஏதும் இல்லாமல், எதிரெதிரான இரண்டு முடிவுகள்.

விகிதங்களைக் கூட்டி வகுப்பதால் வரும் கோளாறு இது. ஸ்பெக் போன்ற அமைப்புகள் பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துகின்றன. அதாவது விகிதங்களைப் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாவது மூலம் எடுப்பது. இங்கே 2-ஐ அரையால் பெருக்கினால் 1. அதன் வர்க்கமூலமும் 1. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டும் சமம் என்ற ஒரே விடை வரும். விகிதங்களைச் சுருக்கிச் சொல்ல இதுவே சரியான முறை என்று பிளெமிங், வாலஸ் என்ற இருவர் 1986-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. "சமம் என்கிறாய். ஆனால் நான் இரண்டையும் ஒருமுறை செய்தால் ஒன்றில் பதினொரு நிமிடம் ஆகிறது, இன்னொன்றில் ஏழு நிமிடம்தானே ஆகிறது?" அவர் சொன்னது முழுக்கச் சரி. பெருக்குச் சராசரி எந்தப் பக்கமும் சாயாத எண். ஆனால் யாருடைய வேலை நாளையும் அது குறிப்பதில்லை. நாளுக்கு நான்கு ஆல்பமும் மாதத்துக்கு ஒரு அறிக்கையும் உள்ள ஸ்டூடியோவுக்கு ஆ-தான் வேண்டும், யோசிக்கவே வேண்டியதில்லை. நாள் முழுவதும் அறிக்கை எடுக்கும் கணக்காளருக்கு அ. ஒற்றை மதிப்பெண்ணாகச் சுருக்கியவுடன் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. ஆகவே, உட்பிரிவு மதிப்பெண்கள் கிடைக்கும் இடத்தில் எப்போதும் அவற்றையே பாருங்கள்.

அடிப்படை எண் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். கீக்பெஞ்ச் என்ற சோதனை மென்பொருளின் 5-ஆம் பதிப்பில் கோர் ஐ3-8100 என்ற பிராசஸரின் வேகத்துக்கு 1000 என்று வைத்தார்கள். கீக்பெஞ்ச் 6-இல் கோர் ஐ7-12700-க்கு 2500 என்று வைத்தார்கள். பழைய பதிப்பில் எடுத்த எண்ணையும் புதிய பதிப்பில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஒன்றைக் கடல் மட்டத்திலிருந்தும் மற்றொன்றை மேட்டூர் அணையின் அடியிலிருந்தும் அளப்பதற்குச் சமம்.

மூட்டையும் பொட்டலமும்

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கும்போது பெட்டியில் 'நொடிக்கு 3,500 எம்.பி.' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது தொடர் வாசிப்பின் வேகம். லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டைகளை வரிசையாக இறக்குவது போன்ற வேலை அது. ஆனால் கணினி திறக்கும்போதும், மென்பொருள் தொடங்கும்போதும் நடப்பது வேறு. இங்கே நாலு கிலோபைட், அங்கே நாலு கிலோபைட் என்று ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். மளிகைக் கடையில் ஐம்பது கிராம் கடுகு, பத்து கிராம் ஏலக்காய் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பொட்டலம் கட்டும் வேலை.

பழைய ஹார்டு டிஸ்க்கில் இது எவ்வளவு மோசமாக இருந்தது என்று கையாலேயே கணக்கிடலாம். உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது என்றால் நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் தட்டைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி. முள் நகர்ந்து சரியான தடத்துக்குப் போக மேலும் சில மில்லி நொடி. ஆக ஒரு பொட்டலத்துக்கு ஏறக்குறைய 10 மில்லி நொடி. நொடிக்கு நூறு பொட்டலம். நூறை நாலு கிலோபைட்டால் பெருக்கினால் நொடிக்கு 400 கிலோபைட்தான். தொடர் வாசிப்பில் நொடிக்கு நூறு எம்.பி.க்கு மேல் கொடுக்கும் அதே டிஸ்க்கின் நிலை இது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதனால்தான் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்.எஸ்.டி. போட்டாலே கணினி புதிதாகப் பிறந்தது போல் இருக்கிறது. சாட்டாவின் உச்சம் நொடிக்கு 550 எம்.பி. அளவுதான். அதிலிருந்து 3,500-க்குப் போனால் அதே அளவு மாற்றம் அன்றாட வேலையில் தெரியாது. மூட்டை இறக்கும் வேகம் கூடிய அளவுக்குப் பொட்டலம் கட்டும் வேகம் கூடுவதில்லை. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற சோதனையில் நாலு கிலோபைட் வரிசையை முதலில் பாருங்கள்.

எண் பெரிதாவதற்கென்றே

மதிப்பெண் விற்பனையைத் தீர்மானிக்கத் தொடங்கியதும் மதிப்பெண்ணுக்காகவே தயாரிக்கும் வழக்கமும் வந்துவிட்டது. 2001-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 8500 கிராபிக்ஸ் அட்டை, குவேக் 3 விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. அந்த விளையாட்டுக் கோப்பின் பெயரில் இருந்த குவேக்கை குவாக் என்று மாற்றியதும் வேகம் குறைந்தது, படத் தெளிவு கூடியது. விளையாட்டின் பெயரைப் பார்த்துத் தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்டும்படி டிரைவர் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகை, சில சோதனைச் செயலிகள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் பகுதியை 533 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியது. மற்ற நேரங்களில் 480. 2024-இல் ஸ்பெக் அமைப்பு, இன்டெல் கம்பைலரின் சில பதிப்புகள் தன் சோதனைகளில் ஒன்றைக் குறிவைத்து மேம்படுத்தியிருந்ததாகக் கூறி, 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளைத் தகுதியற்றவை என்று குறித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா எண்ணும் பொய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கண்டுபிடித்தவர்களும் அளந்துதான் கண்டுபிடித்தார்கள்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே போனது?

இப்போது அக்காவின் மேசைக்குத் திரும்பலாம். இன்றைய பிராசஸர்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை வந்தவுடன் துடிப்பை உயர்த்தி, அதிக மின்சாரம் இழுத்துப் பாய்ந்து செல்லும். சூடு எல்லையைத் தொட்டதும் தானாகவே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். மலையேறும் வண்டியில் எஞ்சின் சூடு முள் சிவப்பைத் தொட்டதும் டிரைவர் வேகத்தைக் குறைப்பது போல. சூட்டை வெளியேற்ற லேப்டாப்புக்கு இருப்பது ஒரு சிறு மின்விசிறியும் அறைக் காற்றும்தான். அறைக் காற்றே 40 டிகிரியை நெருங்கி இருந்தால் எதைக் கொண்டு குளிர்விப்பது? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் குறைவு, அது குளிர்விப்பதற்குச் சிறு பாதகமும்கூட; ஆனால் குளிர் அதை ஈடுகட்டி மிச்சமும் வைத்துவிடுகிறது.

சோதனை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் இதில் சேர்கிறது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் சோதனை, சூடேறுவதற்கு முந்தைய பாய்ச்சலை மட்டும் அளக்கும். சினிபெஞ்ச் ஆர்23 பதிப்பிலிருந்து, வழக்கமாகப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருப்பது இதனால்தான். ஆல்பம் ஏற்றுமதி பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் வேலை என்றால், பாய்ச்சலின் எண் அக்காவுக்கு எதற்கு?

அன்று செய்தது இதுதான். ஒரு திருமணத்தின் முந்நூறு படங்களை ஒரு தனி ஃபோல்டரில் நகல் எடுத்து, அதையே எங்கள் பெஞ்ச்மார்க் ஆக்கினோம். கணினியை அணைத்துத் திறந்து, மற்ற மென்பொருள்களை மூடி, சார்ஜரைச் செருகி, ஏற்றுமதியைத் தொடங்கியதும் அக்கா செல்பேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். ஐந்து முறை ஓட்டினோம். முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்தோம். படங்கள் அப்போதுதான் டிஸ்க்கிலிருந்து வருகின்றன, அடுத்த ஓட்டங்களில் ரேமிலேயே இருக்கலாம். மீதி நான்கில் மிக நெருக்கமாக வந்த இரண்டுக்குமே பதினைந்து நொடி வித்தியாசம் இருந்தது. இதை மனத்தில் வைக்க வேண்டும்: எதையும் மாற்றாமலே பதினைந்து நொடி அசைகிறது என்றால், ஏதோ ஒன்றை மாற்றி பத்து நொடி மிச்சமானதை முன்னேற்றம் என்று கொண்டாட முடியாது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். லேப்டாப்பின் அடியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து உயர்த்தினோம். காற்றுத் துளைகளில் படிந்திருந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தேன். நான்கு மாதத்துக்கு அது அதிகம்தான். கீழே பட்டறைகள் இருக்கும் தெரு. மறுபடி ஓட்டியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. அக்கா முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன்.

வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிவிடலாம் என்றும் அவர் நினைத்திருந்தார். ஏற்றுமதி நடக்கும்போது எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தோம். பிராசஸர் முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் பெரும்பாலும் சும்மா இருந்தது. பத்து நிமிட வேலையில் டிஸ்க்குக்காகக் காத்திருப்பது ஒரு நிமிடம்தான் என்றால், உலகிலேயே வேகமான டிஸ்க்கைப் போட்டாலும் மிச்சமாவது அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. ஜீன் ஆம்டால் 1967-இல் பல பிராசஸர்களைச் சேர்ப்பது பற்றி முன்வைத்த வாதம் இதே கணக்கில்தான் நிற்கிறது. அவர் பெயரிலேயே அது விதியாக வழங்குகிறது. ஆனால் ஆல்பப் பக்க வடிவமைப்பைத் திறந்தபோது ரேம் நிரம்பி வழிந்தது, அப்போது டிஸ்க்கும் திணறியது. அந்தப் பணத்துக்கு ரேமை 8 ஜி.பி.யிலிருந்து 16 ஜி.பி.யாக உயர்த்தினோம்.

முந்நூறு படங்கள் கொண்ட அந்த ஃபோல்டரை அக்கா அழிக்கவில்லை. ஆல்பம் ரேட் எழுதி வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, தேதி, மின்விசிறி ஓடியதா, மரக்கட்டை இருந்ததா, எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஜூன் மாதத்தில், மழை பெய்த ஒரு மாலையில் அவராகவே ஓட்டிப் பார்த்து எழுதிய வரி ஒன்றும் அதில் இருக்கிறது. அடுத்த முறை ஏற்காடு போகும்போது லேப்டாப்பையும் அந்த நோட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்.